செட்டியாருக்குப் பதில் வாமனர்

கொலு பொம்மை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. ஆண்டுக்கு ஒன்றாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்பார்கள். கொடுப்பதற்கும் முறை உண்டு. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் மரப்பாச்சி ஜோடியைச் சீரோடு சேர்த்து அனுப்புவார்கள். ஆனால் ஒரு பொம்மையைக் கொடுத்து அதற்குப் பதில் இன்னொரு பொம்மையை வாங்கிக்கொள்ள, எங்கள் வீட்டில் எந்த முறையும் இருந்ததில்லை. பழைய பித்தளையைப் போட்டுப் புதுப் பாத்திரம் எடுக்கலாம். பொம்மையை அப்படி மாற்ற முடியுமா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. பதில் சொல்ல எனக்கு ஆவணி மாதம் முழுவதும் பிடித்தது.

கேட்டது வேறு யாருமில்லை, என் பெரியம்மா பெண். என்னைவிட நான்கு வயது மூத்தவள். மயிலாடுதுறையில் இருக்கிறாள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா இல்லாததால் அவள்தான் அக்கா. ஒரு நாள் தொலைபேசியில் ஊர் விஷயமெல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப்போகும் நேரத்தில், "ஏண்டி, எங்கிட்ட ஒரு வாமனர் தனியா இருக்கார். உன் தசாவதார செட்டுக்குச் சேருவார். அவரைத் தரேன், உன் செட்டியாரை எனக்குத் தர்றியா?" என்றாள்.

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் அக்கா" என்று வைத்துவிட்டேன்.

இந்த இரண்டு பொம்மைகளையும் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் யோசித்தேன் என்பது புரியும்.

முதலில் செட்டியார். உங்களில் பலர் வீட்டுக் கொலுவிலும் கடைசிப் படியில் ஒரு செட்டியார் கடை இருந்திருக்கும். எங்கள் செட்டியார் மண் பொம்மை. சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். நெற்றி நிறைய விபூதி, காதில் கடுக்கன், மடியைத் தொடும் தொந்தி, தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். சிரிக்கிறாரா, கடன் கேட்க வந்தவனை முறைக்கிறாரா என்று சொல்ல முடியாத ஒரு முகம். ஜோடிச் செட்டிச்சி என் பாட்டி காலத்திலேயே உடைந்துபோனாளாம். அதனால் எங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து அவர் தனியாகத்தான் கடை நடத்தினார்.

அவர் முன்னால் சின்னச் சின்ன சொப்புகளில் பச்சரிசி, துவரம்பருப்பு, கொண்டைக்கடலை, காய்ந்த மிளகாய், வெல்லம் என்று வைப்போம். வெல்லத்துக்கு எறும்பு வந்துவிடும் என்பதால் அதை மட்டும் சாயங்காலம் எடுத்துவிடுவாள் அம்மா. சுண்டல் வாங்க வரும் பிள்ளைகள் செட்டியாரிடம் வியாபாரம் செய்யாமல் போகமாட்டார்கள். புளியங்கொட்டைதான் காசு. இப்போது கடைகளில் விற்கும் செட்டியார் பொம்மைகளில் பருப்பும் அரிசியும் மூட்டைகளும் பொம்மையோடு சேர்த்தே அச்சில் வார்த்து வண்ணம் அடித்து வருகின்றன. பார்க்க அழகுதான். ஆனால் பிள்ளைகள் அள்ளவும் கொட்டவும் அதில் ஒன்றுமில்லை.

அடுத்தது தசாவதாரம். 1962-ல் கும்பகோணத்தில் வாங்கியது. பண்ருட்டியிலிருந்து பொம்மைகளைக் கூடைகளில் வைக்கோல் பரப்பி எடுத்து வந்து நவராத்திரிக்குப் பத்து நாள் முன்பு கடை போடுவார்கள். அந்த வருஷம் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே நாளில், ஒரே கடையில், ஆளுக்கொரு தசாவதார செட் வாங்கினார்கள். எனக்கு ஒன்பது வயது. மச்சத்திலிருந்து கல்கி வரைக்கும் வரிசையாக நிறுத்தச் சொல்லி அக்கா எனக்குப் பரீட்சை வைத்தது நினைவிருக்கிறது. பலராமரையும் பரசுராமரையும் மாற்றி நிறுத்தினால் தலையில் குட்டு விழும்.

1979-ல் அப்பா ஓய்வு பெற்று, அம்மாவும் அப்பாவும் கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குக் குடிபெயர்ந்தார்கள். லாரியிலிருந்து சாமான் இறக்கியவர்கள் ஒரு பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டார்கள். பழைய வேட்டிகளில் சுற்றி வைத்திருந்தும் வாமனர் தப்பவில்லை. குடை ஒரு பக்கம், கமண்டலம் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். அம்மா அழவில்லை. துண்டுகளைக் காவிரியில் விட்டுவிட்டு, தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அந்த வருஷக் கொலு கடையில் வேறொரு வாமனரை வாங்கி வந்தாள்.

அதில்தான் வேடிக்கை. மற்ற ஒன்பது பேரும் ஒன்பது அங்குலம். புதிதாக வந்த வாமனர் பன்னிரண்டு அங்குலம். தசாவதாரத்திலேயே குள்ளமாக இருக்க வேண்டியவர், ராமரையும் கண்ணனையும் விட ஒரு தலை உயரமாக நின்றார். வந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். "மகாபலி தாரை வார்த்துட்டான். இப்பத்தான் வளர ஆரம்பிச்சிருக்கார்" என்பாள் அம்மா. காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாளை அண்ணாந்து பார்த்துச் சேவித்தவர்களுக்கு இந்தப் பதில் போதும். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். ஆனால் அம்மாவுக்கு உள்ளூர ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு வருஷமும் கொலு கடைகளில் ஒன்பது அங்குல வாமனரைத் தேடுவாள். உயரம் சரியாக இருந்தால் முகம் சரியாக இருக்காது, முகம் சரியாக இருந்தால் பீடம் வேறு மாதிரி இருக்கும்.

அம்மாவுக்குப் பிறகு செட்டியாரும் தசாவதாரமும் என்னிடம் வந்தன. தேடும் வேலையும் வந்தது. மயிலாப்பூர் வடக்கு மாடவீதி, காஞ்சிபுரம், மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, பூம்புகார் கண்காட்சிகள் என்று போன இடத்திலெல்லாம் என் கண் வாமனர் மேல்தான் போகும். நாற்பது வருஷத்துக்கு மேல் இரண்டு தலைமுறை தேடிய பொம்மை அக்கா வீட்டில் இருக்கிறது. அவள் செட்டில் மற்றவை ஒவ்வொன்றாக உடைந்தும் சாயம் போயும் இப்போது மூன்றுதான் மிச்சம். அதில் ஒன்று வாமனர்.

ஆக, ஒரு பக்கம் முழுமையான தசாவதாரம். இன்னொரு பக்கம் செட்டியார்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன். கணக்குப் பிள்ளை புத்தி. ஒரு தாளில் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் லாபம், அந்தப் பக்கம் நஷ்டம் என்று எழுதிக் கொடுத்தார். செட்டியாருக்கு வயது அதிகம், மூக்கில் ஒட்டுப் போட்டிருக்கிறது, ஜோடி இல்லை. வாமனர் வந்தால் செட் பூர்த்தியாகும், பூர்த்தியான செட்டுக்கு மதிப்பு அதிகம். "மாத்திக்கோ" என்று அடியில் கையெழுத்தும் போட்டார். பழைய பொம்மைகளைத் தேடி வாங்குகிறவர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு செட்டில் ஒன்று குறைந்தாலும் விலை பாதியாகிவிடும்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் கேட்டேன். அவள் வேறு மாதிரி சொன்னாள். "அம்மா, என் ஃப்ளாட்டுல மூணு படிக்கு மேல இடமில்லை. தசாவதாரம் வெச்சா அதுலயே ஒரு படி போயிடும். செட்டியார்னா ஒரு மூலைல உட்கார்ந்துப்பார். எனக்குன்னு வெக்கறதா இருந்தா அவரை வை."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று நினைத்திருந்தேன். இப்போது கொடுத்தால் அவளுக்கு வர வேண்டியதை எடுத்துக் கொடுப்பதாக ஆகிவிடும்.

சரி, முதலில் வாமனரைக் கண்ணால் பார்ப்போம் என்று ஒரு நாள் மயிலாடுதுறைக்கு ரயில் ஏறினேன். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் பரசுராமரைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

மண் பொம்மை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்பாதிக்கு ஒன்று, பின்பாதிக்கு ஒன்று என்று இரண்டு அச்சு இருக்கும். குழைத்த மண்ணை இரண்டிலும் அழுத்தி, சற்று இறுகியதும் எடுத்து ஒட்டுவார்கள். உள்ளே கூடாக இருக்கும். சூளையில் காற்று விரிந்து வெடிக்காமலிருக்க அடியில் ஒரு துளை விடுவார்கள். நிழலில் காயவைத்து, சுட்டு, வெள்ளை பூசி, அதன்மேல் வண்ணம். கண்ணைக் கடைசியில் எழுதுவார்கள். அச்சு ஒன்றாக இருந்தாலும் கண்ணும் புருவமும் கையால் எழுதுவதால் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதனால் ஒரே இடத்துப் பொம்மைதானா என்று பார்க்க நான் முதலில் புருவத்தைப் பார்ப்பேன்.

அக்கா வாமனரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் பரசுராமரை வைத்தேன். உயரம் சரி. பீடத்தின் வளைவு சரி. அடியில் துளை அதே இடத்தில். புருவம், மூக்குப் பக்கம் தடித்து நுனியில் சட்டென்று மேலே ஏறும் அதே கோடு. ஒரே கை எழுதியது, சந்தேகமில்லை. ஆனால் நிறம்? எங்கள் பொம்மைகள் வருஷத்தில் பத்து நாள் தவிர மற்ற நாளெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் இருட்டில் இருந்தவை. பச்சை பீடம் இன்றும் கரும்பச்சைதான். அக்கா வீட்டில் பொம்மைகளைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார்கள். கிழக்கு ஜன்னல் வெயில் அறுபது வருஷம் பட்டு, வாமனரின் பீடம் வாழைக்குருத்து நிறத்துக்கு வெளுத்திருந்தது. மஞ்சள் வேஷ்டி ஏறக்குறைய வெள்ளை. ஒரே வருஷம் ஒரே கூடையில் வந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தார்கள்.

"சாயம் அடிச்சுக்கலாமே" என்றாள் அக்கா. அடிக்கலாம். அடித்தால் அந்தப் புருவம் போய்விடும்.

அதாவது, நாற்பது வருஷமாக நாங்கள் தேடிய செட் இனிமேல் எண்ணிக்கையில்தான் பூர்த்தியாகும். இதற்காகச் செட்டியாரைக் கொடுப்பானேன்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று அங்கேயே தோன்றியது.

சொல்லவில்லை. காரணம், அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு அக்காவின் பேத்தி வந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "செட்டியார் தாத்தா வந்திருக்காரா?" முந்தின வருஷம் என் வீட்டுக் கொலுவுக்கு வந்தபோது இரண்டு நாளும் அவள் அவர் கடையை விட்டு நகரவில்லை. அக்கா அவளை, "உள்ளே போய்க் கை கால் அலம்பிக்கோ" என்று அதட்டி அனுப்பினாள். அதட்டிய வேகத்தில் அவளுக்கே முகம் சிவந்துவிட்டது.

அன்று ராத்திரி அங்கேயே தங்கினேன். தூக்கம் வரவில்லை. பெரியம்மா நினைவுக்கு வந்தாள்.

செட்டியார் முதலில் எங்கள் பாட்டி வீட்டுக் கொலுவில் இருந்தவர். அம்மாவும் பெரியம்மாவும் அவரோடு விளையாடித்தான் வளர்ந்தார்கள். பெரியம்மா கல்யாணத்தில் பாட்டி அவளுக்கு வெள்ளிக் குங்குமச் சிமிழ் கொடுத்தாள். சில வருஷம் கழித்து அம்மாவின் கல்யாணத்தில் கையில் பணமில்லை. செட்டியாரைக் கொடுத்தாள். மதிப்புப் பார்த்தால் சிமிழ்தான் உசத்தி. யாரும் யாரையும் ஒன்றும் சொல்ல முடியாது. பெரியம்மாவும் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு நவராத்திரிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், மேல் படியில் இருக்கும் கலசத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து கடைசிப் படியைப் பார்ப்பாள். "என்ன செட்டியாரே, வியாபாரம் எப்படி?" என்பாள். பிறகுதான் கை கூப்புவாள். சின்ன வயதில் அது எங்களுக்கு ஒரு தமாஷ். அறுபது வயதுக்கு மேல்தான் அந்தக் கேள்வியில் இருந்த ஆசை எனக்குக் கேட்க ஆரம்பித்தது. அக்காவுக்கு அது முதலிலிருந்தே கேட்டிருக்கும்.

அவள் நேராக, "செட்டியாரை எனக்குக் கொடு" என்று கேட்டிருக்கலாம். கேட்கமாட்டாள். பெரியம்மா மகள் அவள். சும்மா வாங்கிக்கொள்வது அந்த வீட்டுப் பழக்கத்திலேயே கிடையாது. வெண்டைக்காய் கொடுத்தனுப்பினால் பாத்திரம் காலியாகத் திரும்பாது, நாலு எலுமிச்சம்பழமாவது இருக்கும். வாமனர் அந்த எலுமிச்சம்பழம். பதிலுக்குக் கொடுக்கக் கையில் ஒன்று இருந்ததால்தான் அவளால் வாயைத் திறந்து கேட்க முடிந்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான். செட்டியாரைத் தானமாகக் கொடுக்க எனக்கு மனசு வந்திருக்காது. கொடுத்தாலும், கொடுத்தவள் என்ற நினைப்பு எனக்கும், வாங்கியவள் என்ற நினைப்பு அவளுக்கும் கடைசிவரை இருந்திருக்கும். மாற்று என்றால் இரண்டு பேரும் சமம். சாயம் போன வாமனர் எங்களுக்கு நடுவில் தராசு முள்ளாக நின்றார்.

அப்புறம் மகள். காலையில் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பெரியம்மா கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் கேட்டதுக்கப்புறம் கொடுக்கறே" என்றாள். ஆமாம் என்றேன். "எனக்கு வருத்தம்தான்மா" என்றாள். அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் முழுக்கப் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்கு இந்த முடிவால் ஒரு நஷ்டம் இருக்கிறது. வீட்டுக்காரர் போட்ட கோட்டில் அந்தப் பக்கம் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் மாற்றிக்கொண்டோம். செட்டியாரை அம்மாவின் பழைய நூல் புடவையில் சுற்றி, அரிசித் தவிடு போட்ட பிளாஸ்டிக் வாளியில் உட்காரவைத்து, காரில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சொப்புகளையும் கொடுத்துவிட்டேன், கடை இல்லாமல் செட்டியார் எதற்கு? இரண்டு பேச்சு மட்டும் பேசிக்கொண்டோம். சாயம் அடிக்கக்கூடாது. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முதலில் மற்றவரிடம் கேட்க வேண்டும். இரண்டாவது பேச்சைச் சொன்னபோது அக்கா என் மகளின் பெயரைச் சொல்லி, "அவகிட்டயும்தான்" என்றாள். நான் கேட்காமலே சொன்னாள்.

அந்த நவராத்திரிக்கு என் கடைசிப் படியில் ஒரு இடம் காலியாக இருந்தது. சுண்டல் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பையன், "கடை மூடிட்டாங்களா பாட்டி?" என்று கேட்டான். "வேற ஊர்ல கிளை திறந்திருக்கார்" என்றேன். சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாம் நாள் அக்கா ஒரு புகைப்படம் அனுப்பினாள். செட்டியார் முன்னால் அதே சொப்புகள், அதே துவரம்பருப்பு. அவர் தொந்தியில் சாய்த்து ஒரு அட்டை. அதில் பேத்தி கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாக ஒரு க்யூஆர் கோடு வரைந்து வைத்திருந்தாள். புளியங்கொட்டை செல்லாதாம்.

இப்படி ஒரு மாற்று உங்களுக்கு வந்தால் என் அனுபவத்தில் சொல்வது இதுதான். பொம்மையை மட்டும் பார்க்காதீர்கள். கேட்பவர் எத்தனை வருஷமாகக் கேட்காமல் இருந்தார் என்று பாருங்கள். எதிர்ப்பக்கப் பொம்மையைப் பகல் வெளிச்சத்தில், உங்கள் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் யாருக்குப் போக இருந்ததோ, அவர்களிடம் முடிவுக்கு முன்னால் பேசிவிடுங்கள். பேசினாலும் வருத்தம் இருக்கும், ஆனால் ரகசியம் இருக்காது.

வாமனர் இப்போது வரிசையில் நான்காவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில், வெளிறிய பீடத்தோடு, நரசிம்மர் தோளுக்குச் சரியாக நிற்கிறார். அந்த உயர வாமனரை என்ன செய்வதென்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவரைப் பெட்டிக்குள் போட மனசில்லை. சின்னவருக்குப் பின்னால் ஒரு பலகை வைத்து நிறுத்திவிட்டேன். அதனால் என் கொலுவில் தசாவதாரத்தில் பதினொரு பேர். யாராவது எண்ணிப் பார்த்துக் கேட்டால், முன்னால் நிற்பவர் தானம் கேட்பதற்கு முன், பின்னால் நிற்பவர் கிடைத்த பிறகு என்று சொல்லிவிடுகிறேன்.